அந்தச் சைக்கிளை எடைக்குப் போடாதீங்க

ஜேடர்பாளையம் சுத்துவட்டாரத்துல எந்த வீட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்தாலும் ஒரு சைக்கிள் நிற்கும். ரெண்டு டயரும் காத்து இறங்கித் தரையோட ஒட்டியிருக்கும். செயின் துருப்பிடிச்சு ஒரே கட்டியா இறுகியிருக்கும். கேரியர்ல ஆட்டுக்கு வெட்டின தழையோ, சொட்டுநீர் பைப் மிச்சமோ தொங்கும். அக்காவோ, அண்ணனோ, நாமளோ பதினொண்ணாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல கொடுத்த சைக்கிள் அது. ரெண்டு வருஷம் ஓடுச்சு. அப்புறம் காலேஜ் பஸ் வந்துச்சு, சைக்கிள் கொட்டகைக்குப் போச்சு. அடுத்த தடவை பழைய இரும்புக்காரர் தெருவுல குரல் கொடுக்கும்போது அதோட கதை முடிஞ்சுடும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்தச் சைக்கிளை எடைக்குப் போடக் கூடாது. சரிபண்ணி ஓட்டணும். அதுவும் இன்ஜினியரிங் படிக்கிற நாம, நம்ம கையாலேயே சரிபண்ணணும். சென்டிமென்ட்டுக்காகச் சொல்லல. கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். கணக்குக்குள்ள அடங்காத ஒரு விஷயமும் இதுல இருக்கு, அதையும் சொல்றேன்.

ஷோரூம்ல இருக்கற 'ஹைப்ரிட்'

டவுன்ல பெரிய சைக்கிள் ஷோரூமுக்குப் போனா 'ஹைப்ரிட்'னு ஒரு வகை காட்டுவாங்க. ரேஸ் சைக்கிள் மாதிரி குனிஞ்சு ஓட்ட வேண்டாம். மலையேறுற சைக்கிள் மாதிரி முரட்டு டயரும் வேண்டாம். நிமிர்ந்து உட்காரலாம், நேரான ஹேண்டில் பார், நடுத்தரமான டயர், தார் ரோட்டுலயும் போகும், மண் ரோட்டுலயும் போகும். இதுதான் ஹைப்ரிட்டோட இலக்கணம். கொஞ்சம் நல்லதா வேணும்னா பத்து, பதினஞ்சாயிரத்துக்கு மேல ஆகும். மக்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் பெரும்பாலும் தனிக் காசு.

இப்போ நம்ம கொட்டகையில நிக்கறதைப் பாருங்க. நிமிர்ந்து உட்காரலாம். நடுத்தர டயர். மக்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் கூடவே வந்தது. கியர் மட்டும் இல்லை.

கியர் இல்லாதது பெரிய குறையா? பல்லை எண்ணிப் பாருங்க. முன் பல்சக்கரத்துல 44, பின்னாடி 18 இருக்குன்னு வைங்க. விகிதம் 2.44. 26 அங்குலச் சக்கரத்தோட சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். அப்போ ஒரு மிதிக்கு 5 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி சாதாரணமா மிதிச்சாலே 300 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். ராஜவாய்க்கால் ஓரமா போற ரோடு காவிரிக் கரைச் சமவெளி. வாழையும் கரும்பும் வெத்தலைக் கொடிக்காலும் இருக்கற வாய்க்கால் பாசனத் தரையில ஏத்தம் எங்க இருக்கு? வீட்டுல இருந்து பஸ் நிக்கற இடம் 3 கிலோமீட்டர்னா பத்து நிமிஷம். கியர் வேணும்னு கேக்கறவங்க கொல்லிமலை ஏறப் போறவங்களா இருக்கணும்.

ஓசிச் சைக்கிள் இல்லீங்க அது

'ஓசிச் சைக்கிள்'னு ஒரு பேர் இருக்கே, அதைச் சொல்றதை முதல்ல நிறுத்தணும். தமிழ்நாட்டுல இந்தத் திட்டம் 2001-ல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காக ஆரம்பிச்சது. அப்புறம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல மேல்நிலை படிக்கிற எல்லா மாணவ மாணவியருக்கும் விரிஞ்சது. யார்கிட்ட இருந்து ஆரம்பிச்சதுன்னு கவனிங்க. பத்தாவதோட படிப்பு நின்னுபோகற ஆபத்து யாருக்கு அதிகமோ, அவங்ககிட்ட இருந்து.

அதுக்கும் முன்னாடி, 1990-களோட தொடக்கத்துல, புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு விஷயம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கத்துக் கொடுத்தது. விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில வேலை செய்யற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள்னு ஆயிரக்கணக்குல வந்து கத்துக்கிட்டாங்க. கடைகள்ல லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்க. குழந்தையை உட்கார வைக்க நடுக் கம்பி வசதின்னு அதையே விரும்பினவங்களும் இருந்தாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு பண்ணியிருக்கார். பஸ்ஸுக்காகவும், அப்பா, அண்ணன், புருஷன் வந்து கூட்டிப் போறதுக்காகவும் காத்திருக்கறது அவங்களுக்கு அன்னைக்குக் குறைஞ்சது.

பீகார்ல 2006-ல ஒன்பதாவது சேர்ற பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கற திட்டம் வந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ஞ்சாங்க. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில சேர்றது சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்த ஊர்கள்லதான் பலன் அதிகம்.

இதெல்லாம் சைக்கிள் ஓடினாத்தான். பஞ்சரான சைக்கிளுக்கு எந்தப் புள்ளிவிவரமும் கிடையாது. ஒரு வால்ட்யூப் வெடிச்சுப் போச்சுன்னா என்ன நடக்கும்? அஞ்சு, பத்து ரூபாய்ச் சாமான்தான். ஆனா அதை மாத்தத் தெரியாத பொண்ணு, அண்ணன் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருப்பா. அண்ணன் 'நாளைக்குப் பார்க்கலாம்'னுவான். நாளைக்கு அப்பா பைக்குல கொண்டு விடுவாரு. மூணு நாள்ல சைக்கிள் கொட்டகைக்குப் போயிடும். அவளோட போக்குவரத்து மறுபடியும் அடுத்தவங்க நேரத்தோட கட்டிப்போட்டதா ஆயிடும். சைக்கிள் கிடைச்சது பாதிச் சுதந்திரம்தான். அதைச் சரிபண்ணத் தெரியறதுதான் மீதிப் பாதி. நான் மேல சொன்ன, கணக்குக்குள்ள அடங்காத விஷயம் இதுதான்.

இரும்புக்கு ஒரு பெரிய குணம்

நம்ம சைக்கிள் ஸ்டீல் ஃபிரேம். கனம்தான். இரும்பின் அடர்த்தி 7.85, அலுமினியத்துக்கு 2.7. ஆனா விறைப்பைப் பாருங்க. ஸ்டீலோட யங்ஸ் மாடுலஸ் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அதனாலதான் அலுமினிய ஃபிரேம்ல குழாயைத் தடிமனாப் பண்றாங்க.

அதைவிட முக்கியமானது களைப்பு. மூணாவது செமஸ்டர்ல எஸ்-என் வளைவு வரைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? ஜெர்மன் இன்ஜினியர் ஆகஸ்ட் வோலர் 19-ம் நூற்றாண்டுல ரயில் அச்சு ஏன் உடையுதுன்னு ஆராயப் போய்க் கண்டுபிடிச்சது. ஸ்டீலுக்கு ஒரு எண்டியூரன்ஸ் லிமிட் உண்டு. அதுக்குக் கீழ உள்ள அழுத்தத்தை எத்தனை லட்சம் தடவை கொடுத்தாலும் அது களைச்சு உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. கம்மியான சுமைன்னாலும் ஒவ்வொரு குலுக்கலும் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். நல்லாச் செஞ்ச ஸ்டீல் ஃபிரேம் நாப்பது, அம்பது வருஷம் ஓடறதுக்குக் காரணம் இதுதான். அப்பாரு காலத்துக் கறுப்புச் சைக்கிள் இன்னும் பால் கேனைச் சுமக்கறது சும்மா இல்லை.

இதுல ஒரு நிபந்தனையும் இருக்கு. துருப்பிடிச்சா அந்த எண்டியூரன்ஸ் லிமிட் காணாமப் போயிடும். அரிப்பும் களைப்பும் சேர்ந்தா ஸ்டீலும் உடையும். அதாவது இரும்புச் சைக்கிள் நீண்ட ஆயுள் தரும்ங்கறது, நாம அதைப் பார்த்துக்கிட்டாத்தான் உண்மை.

இன்னொண்ணு, ரிப்பேர். ஸ்டீல் ஃபிரேம்ல ஒரு கேரியர் கம்பி விட்டுப்போச்சுன்னா நம்ம ஊர்ல எந்த வெல்டிங் பட்டறையிலும் பத்து நிமிஷத்துல ஒட்டிடலாம். அலுமினிய ஃபிரேமை ஒட்ட டிக் வெல்டிங் வேணும். ஒட்டின இடத்துல வலு குறைஞ்சுடும், திரும்ப ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணணும். கியர் வச்ச பழைய ஸ்டீல் ஹைப்ரிட்டை செகண்ட் ஹேண்டுல வாங்கி ஓட்டறவங்களுக்கும் இதேதான். கீழ விழுந்து கியர் மாட்டற இடம் கொஞ்சம் வளைஞ்சா, ஸ்டீல்னா நிதானமா நிமிர்த்தலாம். அலுமினியம்னா பல சமயம் பட்டுன்னு முறிஞ்சுடும்.

நாமக்கல்ல லாரி பாடி கட்டறாங்க, கரூர்ல பஸ் பாடி கட்டறாங்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போய் போர் போடுது. இப்படிப்பட்ட ஊர்ல பொறந்துட்டு ஒரு சைக்கிளைச் சரிபண்ண ஆள் தேடறது நமக்கு அழகா?

ஒரு ஞாயித்துக்கிழமை வேலை

நான் ஓட்டறது அக்காவுக்குக் கொடுத்த சைக்கிள். எட்டு வருஷப் பழசு, அதுல அஞ்சு வருஷம் கொட்டகையிலேயே நின்னது. அதை எழுப்பின வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல பரிசோதனை. மண்ணெண்ணெய்த் துணியால ஃபிரேமைத் துடைச்சுட்டு, ஒட்டு இருக்கற ஒவ்வொரு இடத்தையும் வெளிச்சத்துல பாருங்க. ஃபோர்க், ஹேண்டில் கழுத்து, பெடல் அச்சு போற குழாய், பின் சக்கரம் மாட்டற இடம். பெயின்ட்ல மெல்லிசா ஒரு கோடு ஓடி அதுல துரு கசிஞ்சிருந்தா, அது வெடிப்பா இருக்கலாம். ஃபோர்க்ல வெடிப்பு இருந்தா ஓட்டவே கூடாது, மாத்தியே ஆகணும். குழாயைத் திருப்புளியால தட்டும்போது பொத்தல் விழுந்தா அந்த ஃபிரேமுக்கு ஆயுள் முடிஞ்சது. அதை மட்டும் எடைக்குப் போடுங்க, ஆட்சேபணை இல்லை. மேலாக இருக்கற பழுப்புத் துரு பயமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சாப் போதும்.

சீட் பைப்பைக் கழட்டிடுங்க. பல வருஷம் அசையாம இருந்தா இறுகியிருக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கும், அதான் காரணம். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைங்க. கழண்டதும் சைக்கிளைத் தலைகீழாப் பிடிங்க. உள்ள தேங்கின தண்ணியும் துருத் தூளும் கொட்டும். சைக்கிள் உள்ளிருந்துதான் சாகும், வெளியிருந்து இல்லை. பைப்புக்குக் கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செஞ்சா ஃபிரேம் நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

அடுத்தது பால்ரஸ். முன் சக்கரம், பின் சக்கரம், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து, நாலு இடத்துலயும் குண்டுகள் இருக்கு. கழட்டும்போது கீழ ஒரு தட்டு வைங்க, எத்தனை குண்டுன்னு எழுதி வைங்க. பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கட்டியாகி இருக்கும். மண்ணெண்ணெயில கழுவி, கப்பும் கோனும் குழி விழாம வழவழன்னு இருக்கான்னு நகத்தால உரசிப் பார்த்து, புதுக் கிரீஸ் வச்சு மூடணும். குண்டு மட்டும் புதுசாப் போட்டுடுங்க, விலை கம்மி. கோனை இறுக்கறதுலதான் நுட்பம் இருக்கு. சக்கரம் பக்கவாட்டுல ஆடக் கூடாது, அதே சமயம் சுத்தும்போது பிடிக்கவும் கூடாது. லேப்ல 'கிளியரன்ஸ்'னு படிச்ச சொல்லுக்கு உங்க விரல்ல அர்த்தம் கிடைக்கற இடம் இது.

பெடலைக் கழட்டும்போது கவனம். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடல் எதிர் மரை. வழக்கம்போலத் திருப்பினா இறுகிக்கிட்டே போகும். மிதிக்கும்போது பெடல் அச்சு மரைக்குள்ள நுணுக்கமா உருண்டு உருண்டு தானா கழண்டுக்கப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இதே காரணத்துக்காக இங்கிலீஷ் பாணிச் சைக்கிள்கள்ல பெடல் அச்சோட வலது கப்பும் எதிர் மரை.

செயினுக்கு ஒரு அடி ஸ்கேல் போதும். செயினோட பிட்ச் அரை அங்குலம். ஒரு பின்னோட நடுவுல இருந்து எண்ணி 24 கண்ணி தள்ளினா சரியா 12 அங்குலம் வரணும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலா வந்தா செயினை மாத்தணும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தா பின் பல்சக்கரமும் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், ரெண்டையும் சேர்த்து மாத்தறது நல்லது. எண்ணெய் விஷயத்துல நம்ம ஊர்ப் பழக்கம் ரெண்டை விடணும். தேங்காய் எண்ணெய் பிசினாகிடும். பைக்குல இருந்து வடிச்ச கழிவு ஆயில்ல இரும்புத் தூள் இருக்கும், செயினை அரைக்கும். தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டுட்டு, மேல இருக்கறதைத் துணியால துடைச்சுடுங்க. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல 1999-ல செயினைச் சோதிச்சப்போ அதிகபட்சத் திறன் 98.6 சதவீதம் வந்தது. நாம பஸ்ஸுல போகும்போது கேக்கற டீசல் இன்ஜின் அதுல பாதியைத் தொடவே திணறும்.

கோட்டம் எடுக்கறதுதான் கடைசி, கஷ்டமானதும் அதுதான். சைக்கிளைக் கவுத்து நிறுத்திச் சக்கரத்தைச் சுத்துங்க. பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கற சந்தைப் பாருங்க. ரிம் எந்தப் பக்கம் போய் உரசுதோ, அதுக்கு எதிர்ப் பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கால் திருப்பு இறுக்கணும், உரசற பக்கத்துக் கம்பியைக் கால் திருப்பு தளர்த்தணும். கால் திருப்புக்கு மேல ஒரே நேரத்துல போகாதீங்க. கம்பியை விரலால மீட்டிப் பார்த்தா ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுதியில கேக்கணும். எங்க ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் அய்யா கண்ணால பார்க்கறதைவிடக் காதால கேக்கறதுதான் அதிகம். பழைய கறுப்பு ரோட்ஸ்டர்ல முன்னாடி 32, பின்னாடி 40 கம்பி இருக்கும், பின் சக்கரத்துல எடை அதிகம்ங்கறதால. மெலிசான கம்பிகள் நம்ம எடையை எப்படித் தாங்குது? எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருக்காங்க. எடை ஏறும்போது கீழ இருக்கற கம்பிகளோட இழுவை குறையுது, அவ்வளவுதான். அது முழுக்கத் தளராத வரைக்கும் சக்கரம் நிக்கும். ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் படிக்கற சிவில் நண்பர்கள் இதைக் கையால தொட்டுப் பார்க்கலாம்.

செலவு

எனக்கு ஆன செலவு: டயர் ரெண்டு 560, டியூப் ரெண்டு 260, செயின் 180, பிரேக் கட்டை 80, பிரேக் ஒயர் 60, குண்டும் கிரீஸும் 120, கோட்டம் எடுக்கக் கடைக்காரருக்குக் கொடுத்தது 150. மொத்தம் 1,410 ரூபாய். கோட்டம் எடுக்கறதை அவர் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டேன், அதனால அந்த 150-ஐ ஃபீஸுன்னே வச்சுக்கலாம்.

இதையே எடைக்குப் போட்டிருந்தா? 18 கிலோ இருக்கும். சுமார் 500 ரூபாய் கைக்கு வரும், வீட்டுல ஒரு நாள் பிரியாணி.

பைக்குன்னா? பஸ் நிக்கற இடத்துக்குப் போக வர 6 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சாலே நாளைக்கு 12 ரூபாய். காலேஜ் நாள் 200-க்கு 2,400 ரூபாய். வண்டி விலை, இன்சூரன்ஸ், சர்வீஸ், மாசத் தவணை எதையும் சேர்க்காம இந்தக் கணக்கு. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள சைக்கிள் தன் செலவைத் திருப்பிக் கொடுத்துடும்.

எதிர்க்கேள்விகள்

வெயில். உண்மைதான். ஏப்ரல் மாச மதியம் சைக்கிள் ஓட்டச் சொல்ல நான் முட்டாள் இல்லை. காலையில ஏழரைக்கும் சாயங்காலம் ஆறுக்கும்தான் நாம ரோட்டுல இருக்கோம். வீட்டுல இருந்து காலேஜ் வரைக்கும் ஓட்டச் சொல்லல. வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல உள்ள 3 கிலோமீட்டர்தான் பேச்சு.

ரோடு. இது நிஜமான பிரச்னை. கரும்பு ஏத்தின டிராக்டர் ரோட்டை அடைச்சுக்கிட்டு வரும், வாய்க்கால் ஓரத்துல தடுப்பு இருக்காது, சாயங்காலம் இருட்டினா லாரிக்காரருக்கு நம்மைத் தெரியாது. பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டரும், மக்கார்டுல ஒட்டுற ரிஃப்ளெக்டர் பட்டையும், முன்னாடி ஒரு லைட்டும் இல்லாம இருட்டுல இறங்கவே கூடாது. இன்னொண்ணு, குரோம் பூசின இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் சரியாப் பிடிக்காது. மழையில நிக்கற தூரம் பல மடங்கு ஆகும். முன்கூட்டியே லேசாப் பிடிச்சு ரிம் தண்ணியைத் துடைச்சுக்கிட்டே போகணும். முடிஞ்சா அடுத்த தடவை அலாய் ரிம் போட்டுக்குங்க. பழைய சைக்கிள்ல பழைய காலத்துக் குறைகளும் கூடவே வரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டணும்.

கௌரவம். இதுதான் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். "காலேஜ் படிக்கற பையன், ஒரு வண்டி வாங்கித் தரக் கூடாதுங்களா?"ன்னு கல்யாண வீட்டுல யாராவது அப்பாகிட்டக் கேட்டுடுவாங்க. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பல வீட்டுல ஒரு லட்ச ரூபாய்க் கடன் ஏறுது. கடனைக் கட்டறது கேள்வி கேட்டவர் இல்லை. நம்மகூடப் படிக்கறவங்க நாலு பேர் சைக்கிள்ல வந்து பஸ் ஏறினா இந்தக் கேள்விக்கு மதிப்புப் போயிடும். ஒருத்தர் மட்டும் வந்தா அது இல்லாமை. நாலு பேர் வந்தா அது பழக்கம்.

அமெரிக்காவுல டேட்டன் நகரத்துல ரைட் சகோதரர்கள் வச்சிருந்தது சைக்கிள் கடை. 1903-ல பறந்த அவங்க விமானத்துல இன்ஜினையும் விசிறியையும் இணைச்சது செயினும் பல்சக்கரமும்தான். சைக்கிள் ரிப்பேர் தெரிஞ்ச கைதான் அதைச் செஞ்சது. நாம விமானம் செய்யப் போறோமோ இல்லையோ, கையில கிரீஸ் படாம இன்ஜினியர் ஆகறது நல்லதில்லை.

நாம என்ன செய்யலாம்

மூணு விஷயம் கேக்கறேன்.

ஒண்ணு, நம்ம மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்ல ஒரு மூலை. ரெண்டு செட் ஸ்பேனர், கோன் ஸ்பேனர், போக்ஸ் சாவி, செயின் பின் கழட்டற டூல், காத்துப் பம்பு, பஞ்சர் சாமான். நாலஞ்சாயிரத்துல முடியற காரியம். சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் திறந்து விடணும். லட்சக்கணக்குல மெஷின் வாங்கிப் பூட்டி வைக்கறதோட ஒப்பிட்டா இது ஒரு செலவே இல்லை.

ரெண்டு, கத்துக் கொடுக்க நம்ம ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்களைக் கூப்பிடணும். ஃபேக்கல்ட்டிக்குக் கொடுக்கற மாதிரி மரியாதையும் சம்பளமும் கொடுத்து. அவங்க தொழில் வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வருது, பிள்ளைங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. அவங்க கையில இருக்கறது எந்தப் புத்தகத்துலயும் முழுசா இல்லை.

மூணு, நம்ம என்.எஸ்.எஸ். முகாம். ஒவ்வொரு வருஷமும் ஏழு நாள் கிராமத்துல தங்கறோம். மரக்கன்னு நடறோம், போட்டோ எடுக்கறோம், வர்றோம். இந்த வருஷம் அதுல ரெண்டு நாளைப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குக் கொடுக்கலாம். புதுசாச் சைக்கிள் வாங்கின பதினொண்ணாவது பிள்ளைங்களுக்குப் பஞ்சர் ஒட்ட, வால்ட்யூப் மாத்த, செயின் மாட்ட, பிரேக் இறுக்கக் கத்துக் கொடுக்கலாம். முக்கியமாப் பெண் பிள்ளைகளுக்கு. நாம செஞ்சு கொடுத்துட்டு வரக் கூடாது, அவங்க கையால செய்ய வைக்கணும். அந்த ஊர்க் கொட்டகைகள்ல நிக்கற பழைய சைக்கிள்களையும் வெளிய எடுக்கச் சொல்லலாம். பத்து சைக்கிள்ல ஆறை எழுப்பினாலும் ஆறு வீட்டுல ஒரு ஆளுக்குப் போக்குவரத்து கிடைக்கும்.

இதுக்கெல்லாம் ஒப்புதல் கிடைக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை கொட்டகைக் கதவைத் திறங்க. சீட் பைப்புல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. திங்கட்கிழமை அது கழண்டு வந்துடும். மீதி வேலை தன்னால நடக்கும்.